திரையின் அதிர்வெண் உயர்ந்தால் ஆட்டம் சீராகுமா?

ஒளியியல் வகுப்பு முடிந்த ஒரு பிற்பகலில் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், கண்ணில் விழுந்த பிம்பம் 1/16 வினாடி நிலைத்திருக்கும் என்று இன்று சொன்னீர்கள். அப்படியானால் வினாடிக்கு 16 படங்களுக்கு மேல் காட்டுவது வீண்தானே? கடையில் 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் என்று கணினித் திரைகளை விற்கிறார்களே, அதெல்லாம் ஏமாற்றா?" என்று கேட்டார். கணினி விளையாட்டில் ஆர்வம் உள்ளவர். வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் புதுத் திரை ஒன்று வாங்க எண்ணியிருந்தார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பாடநூல் சரியென்றால் விளம்பரம் பொய்யாக வேண்டும். விளம்பரம் சரியென்றால், பல ஆண்டுகளாக நான் வகுப்பில் சொல்லி வந்தது பிழையாக வேண்டும். நிதானமாக ஆராய்ந்து பார்த்தபோது இரு தரப்பிலும் பிழை உண்டு என்பது புலனாயிற்று. அவற்றுள் பெரிய பிழை என் தரப்பினது. இரண்டையும் இங்கே எடை போட்டுப் பார்ப்போம்.

இரண்டு எண்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கணினி விளையாட்டில் இரண்டு வேகங்கள் உள்ளன. கணினி ஒரு வினாடியில் எத்தனை புதிய படங்களை வரைந்து முடிக்கிறது என்பது ஒன்று. இதைப் பட வீதம் எனலாம். திரை ஒரு வினாடியில் எத்தனை முறை தன் காட்சியைப் புதுப்பித்துக் கொள்கிறது என்பது மற்றொன்று. இதுவே புதுப்பிப்பு வீதம். கடையில் ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்லப்படுவது இந்த இரண்டாவது எண் மட்டுமே. முதல் எண் திரையின் பெட்டிமேல் இராது, இருக்கவும் முடியாது. அது வாங்குபவரின் கணினியைப் பொறுத்தது. ஆடும் விளையாட்டையும் பொறுத்தது.

பாடநூலின் கூற்று

"பிம்பம் 1/16 வினாடி கண்ணில் நிலைத்திருப்பதால் அடுத்தடுத்த நிலைப்படங்கள் ஒன்றிணைந்து இயக்கமாகத் தோன்றுகின்றன" என்பது பாடநூல்களில் நாம் காணும் வழக்கமான விளக்கம். இதன் வேர் மிகப் பழையது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைச் செங்குத்தான இடைவெளிகளின் வழியே பார்க்கும்போது அவை வளைந்து தோன்றுவதைப் பற்றி பீட்டர் மார்க் ரோஜே 1824-இல் இலண்டன் ராயல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். பிற்காலத்தில் திரைப்படத்தின் தத்துவமே அதுதான் என்று நூலுக்கு நூல் எழுதப்பட்டது.

இந்த விளக்கத்தை ஒரு கம்பி மத்தாப்பைக் கொண்டே சோதிக்கலாம். தீபாவளி இரவில் எரியும் மத்தாப்பை வேகமாகச் சுழற்றினால் என்ன காண்கிறோம்? ஓர் ஒளிவட்டத்தை. பிம்பம் கண்ணில் நிலைப்பதால் விளைவது இதுதான். அங்கே தெளிவான ஒரு புள்ளி நகர்வதாக நமக்குத் தோன்றுவதில்லை; நகர்ந்த பாதை முழுவதும் ஒரே கோடாகத் தெரிகிறது. திரையில் ஓடும் மனிதனின் ஒவ்வொரு படமும் 1/16 வினாடி அப்படியே கண்ணில் தங்குமானால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருவங்களைத்தான் காண்போம். ஓட்டத்தைக் காண மாட்டோம். ஆகவே பிம்ப நிலைப்பு ஒளியின் மினுக்கல் ஏன் மறைகிறது என்பதைச் சொல்லலாம். இயக்கம் ஏன் தோன்றுகிறது என்பதை அது சொல்லாது. இயக்கத் தோற்றம் கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் வேறொரு வேலை. இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினாலே ஒன்று நகர்வதாகத் தோன்றுவதை மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக விளக்கினார்.

உண்மையில் இங்கே மூன்று தனித்தனி வினாக்கள் உள்ளன. எத்தனை படங்கள் காட்டினால் இயக்கம் தோன்றும்? எத்தனை முறை ஒளிர்ந்தால் மினுக்கல் மறையும்? எத்தனை படங்கள் காட்டினால் நகரும் பொருள் தெளிவாகத் தெரியும்? பாடநூல் இம்மூன்றுக்கும் ஒரே விடையைத் தந்து விடுகிறது.

முதல் வினாவுக்கு வினாடிக்குப் பத்துப் பதினைந்து படங்கள் என்பது ஏறத்தாழப் பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது. ஒலிப்படங்கள் வந்தபின் திரைப்படத்திற்கு 24 என்ற வீதம் நிலைபெற்றது. ஆயினும் 24 முறை மட்டும் ஒளிர்ந்தால் மினுக்கல் கண்ணை உறுத்தும். எனவே படச்சுருள் வீழ்த்தியின் மூடி ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை வெட்டிக் காட்டி, மினுக்கலை 48 ஆகவோ 72 ஆகவோ உயர்த்தியது. மினுக்கல் மறையும் எல்லையும் நிலையானதன்று; ஒளிச்செறிவு கூடக் கூட அந்த எல்லை மேலே போகும். ஃபெர்ரி, போர்ட்டர் என்போர் பெயரால் வழங்கும் விதி இதுவே. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளை 60-இல் வைத்தால் சிலருக்குக் கண் கூசியது. ஆகவே 75, 85 ஹெர்ட்ஸ் என்று உயர்த்தி வைத்தோம். அக்காலத்தில் அந்த எண் மினுக்கலைப் பற்றியது. இன்றைய திரவப் படிகத் திரை ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அணையாமல் பிடித்து வைத்திருப்பதால், 60-இலும் அவ்வாறு மினுக்குவதில்லை. இன்று அந்த எண் பேசுவது மூன்றாவது வினாவைப் பற்றி.

கண் பின்தொடரும்போது

இந்த மூன்றாவது வினாவில்தான் உயர்ந்த வீதத்தின் உண்மையான பயன் இருக்கிறது. ஓடும் பொருளைக் கண் சும்மா நின்று பார்ப்பதில்லை. அதன் கூடவே நகர்கிறது. பேருந்தில் போகும்போது சாலையோரப் பலகையைக் கண்ணால் தொடர்ந்தால் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. கண்ணை அசைக்காமல் வைத்துக் கொண்டால் எழுத்துகள் இழுபட்டுப் போகின்றன.

திரையில் நகரும் பொருளையும் கண் அப்படியே தொடர்கிறது. ஆனால் அந்தப் பொருள் தொடர்ச்சியாக நகர்வதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, பின் தாவுகிறது, மீண்டும் நிற்கிறது. கண்ணோ நிற்காமல் போய்க் கொண்டிருக்கிறது. ஆகவே பொருள் நிற்கும் நேரமெல்லாம் அதன் பிம்பம் விழித்திரையில் பின்னோக்கி இழுபடுகிறது. இந்தக் கலங்கலின் அகலம் பொருளின் வேகத்தையும் ஒரு படம் நிற்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1920 படப்புள்ளிகள் அகலமுள்ள திரையை ஒரு கார் 2 வினாடியில் கடக்கிறது எனக் கொள்வோம். அதன் வேகம் வினாடிக்கு 960 புள்ளிகள். 60 ஹெர்ட்ஸ் திரையில் கலங்கல் 16 புள்ளிகள் அகலம், 120-இல் 8, 240-இல் 4. அதாவது வண்டியின் எண் பலகையில் உள்ள எழுத்தின் கோடு 5 புள்ளி தடிமன் என்றால், 60-இல் அதைப் படிக்க இயலாது. 240-இல் ஓரளவு படித்துவிடலாம். இது கற்பனையன்று, கணக்கில் வருவது, கண்ணுக்கும் தெரிவது. "24-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது" என்று வாதிடுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

அப்படியானால் திரைப்படம் 24-இல் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கேட்கலாம். படக்கருவியின் மூடி வழக்கமாக 1/48 வினாடி அளவு திறந்திருக்கிறது. அதற்குள் நடந்த அசைவு ஒரே படத்தில் இழுவையாகப் பதிந்து, தாவல்களைச் சற்று மென்மையாக்குகிறது. கணினி வரையும் படமோ ஒரு கணத்தின் கூர்மையான வெட்டு. மேலும் திரைப்படத்தை நாம் பார்க்க மட்டுமே செய்கிறோம். விளையாட்டிலோ கை அசைத்தவுடன் காட்சி அசைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

விளம்பரத்தின் கூற்று

இதுவரை விளம்பரத்தின் பக்கம் வாதிட்டோம். இனி அதன் குறைகளைக் காண்போம். "60-ஐ விட 240 நான்கு மடங்கு சீரானது" என்ற தொனி பல விளம்பரங்களில் உண்டு. ஹெர்ட்ஸ் என்னும் எண்ணை நேரமாக மாற்றிப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் நிற்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8. 60-லிருந்து 144-க்கு மாறினால் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 9.7 மில்லி வினாடி குறைகிறது. 144-லிருந்து 240-க்கு மாறினால் குறைவது 2.8 மட்டுமே. 240-லிருந்து 360-க்கு 1.4. எண்கள் பெரிய பெரிய படிகளாக ஏறுகின்றன. பயனோ சிறிய சிறிய படிகளாகத் தேய்கிறது. முதல் படியின் பயன் பெரும்பாலோர்க்குத் தெரியும். கடைசிப் படியை உணரப் பழகிய கண்ணும் வேகமான ஆட்டமும் வேண்டும்.

அடுத்தது "1 மில்லி வினாடி" என்ற வாசகம். இது புதுப்பிப்பு வீதம் அன்று. ஒரு படப்புள்ளி ஒரு சாயலிலிருந்து வேறொரு சாயலுக்கு மாற எடுக்கும் நேரம். திரவப் படிகத்தில் எல்லாச் சாயல் மாற்றங்களும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சாதகமான மாற்றத்தின் நேரம். ஒரு புள்ளி மாற 10 மில்லி வினாடி எடுக்குமானால், 240 ஹெர்ட்ஸ் திரையில் அது மாறி முடிப்பதற்குள் இரண்டு புதிய படங்கள் வந்துவிடும். அப்போது பழைய படத்தின் நிழல் புதிய படத்தின்மேல் வால் போல் தொங்கும். மின்னழுத்தத்தை மிகையாகக் கொடுத்துப் புள்ளியை விரைவுபடுத்துவார்கள். அது அளவு மீறினால் வால் எதிர்நிறத்தில் தெரியும். ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அஞ்சல்காரர் கணக்கு

இப்போது மிக முக்கியமான குறைக்கு வருவோம். உங்கள் அண்ணன் வெளியூரிலிருந்து நாளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உங்கள் தெருவுக்கு அஞ்சல்காரர் நாளுக்கு நான்கு முறை வருகிறார். உங்களுக்கு எத்தனை கடிதம் கிடைக்கும்? ஒன்றுதான். திரையும் அவ்வாறே. கணினி வினாடிக்கு 60 படங்களே வரைகிறது என்றால், 240 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை திரும்பக் காட்டும். நம் காரின் கலங்கல் 4 புள்ளியாகச் சுருங்காது. 16 புள்ளியாகவே இருக்கும்.

ஆனால் அஞ்சல்காரர் நான்கு முறை வருவதில் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடிதம் அஞ்சலகத்தில் காத்துக் கிடக்கும் நேரம் குறைகிறது அல்லவா? ஒரு கணினி ஒரு படத்தை வரைய 17 மில்லி வினாடி எடுக்கிறது என்போம். 60 ஹெர்ட்ஸ் திரையுடன் எளிய முறையில் ஒத்திசைத்தால், அந்தப் படம் 16.7 என்னும் வண்டியை மயிரிழையில் தவறவிட்டு 33.3 வரை காத்திருக்கும். விளைவு வினாடிக்கு 30 படங்கள். அதே கணினியை 144 ஹெர்ட்ஸ் திரையுடன் இணைத்தால் காத்திருப்பு 20.8-இல் முடியும், வினாடிக்கு 48 படங்கள் கிடைக்கும். வலுக் குறைந்த கணினிக்கும் உயர்ந்த வீதம் சற்று உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒத்திசைவே வேண்டாம் என்று விட்டுவிட்டால், திரை பாதிக் காட்சியைக் காட்டி முடித்த நிலையில் புதிய படம் நுழைந்துவிடும். மேற்பாதியில் பழைய படம், கீழ்ப்பாதியில் புதிய படம் என்று காட்சி கிழிந்து தெரியும்.

எண் உயர்ந்தும் சீர் கெடுமிடம்

எண் உயர்ந்தால் சீர் கூடியே தீரும் என்பதும் சரியன்று. வினாடிக்கு 60 படங்கள் உள்ள காட்சியை 144 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டிப் பாருங்கள். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4. ஒரு படத்தை 2.4 முறை காட்ட முடியாது. எனவே திரை 2, 2, 3, 2, 3 என்ற முறையில் காட்டுகிறது. சில படங்கள் 13.9 மில்லி வினாடி நிற்கின்றன; சில 20.8 மில்லி வினாடி நிற்கின்றன. கண் ஒரே வேகத்தில் தொடர, காட்சி தத்தித் தத்தி நடக்கிறது. சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரையில் இதே காட்சி ஒழுங்காக ஓடும். 120 ஹெர்ட்ஸ் திரையிலும் ஒழுங்காக ஓடும், ஏனெனில் ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை வரும்.

இதற்கு மாற்று, திரையே கணினிக்காகக் காத்திருப்பது. படம் வரைந்து முடிந்த கணத்தில் திரை புதுப்பித்துக் கொள்ளும். நேரம் தவறிய வண்டி என்ற பேச்சே இல்லை. இத்தகைய முறையை என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரில் 2013-இல் அறிவித்தது. 2014-இல் வெசா அமைப்பு இதனை டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பின் தரங்களுள் சேர்த்தது. அதன் அடிப்படையில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் வந்தது. என் மதிப்பீட்டில் நடுத்தரக் கணினி வைத்திருப்போர்க்கு இந்த மாறும் வீத வசதியே பெரிய எண்ணைவிடப் பயன் தருவது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பல திரைகளில் 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே இவ்வசதி நேரடியாகச் செயல்படுவதில்லை.

சராசரி மறைப்பது

"என் கணினி 90 படங்கள் தருகிறது, ஆனாலும் ஆட்டம் இடறுகிறது" என்று சிலர் குறைப்படுவதுண்டு. ஒரு வினாடியில் 90 படங்கள் தலா 10 மில்லி வினாடியிலும் ஒரே ஒரு படம் 100 மில்லி வினாடியிலும் வந்ததாகக் கொள்வோம். மொத்தம் ஒரு வினாடி, 91 படங்கள். எண் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு படத்தின்போது காட்சி பத்து மடங்கு நேரம் உறைந்து நிற்கிறது. கண் சராசரி எடுப்பதில்லை. உறைந்த கணத்தையே கவனிக்கிறது. நினைவகம் போதாமை, சூடேறிய கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்வது, விளையாட்டு நிரலின் குறை என்று இதற்குக் காரணங்கள் பல. எந்தத் திரையும் இதைத் தீர்க்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை

வாசகர்கள் என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. 120 ஹெர்ட்ஸ் வசதியுள்ள கைப்பேசி ஒன்று கிடைத்தால், அதன் அமைப்பில் 60 என்று வைத்து ஒரு நீண்ட கட்டுரையை மேல்நோக்கித் தள்ளியபடியே எழுத்துகளைப் படிக்க முயலுங்கள். பின் 120-இல் வைத்து அதையே செய்யுங்கள். நகரும் எழுத்தின் தெளிவில் உள்ள வேறுபாடுதான் மேலே சொன்ன கலங்கல் கணக்கு.

கணினியில் கருநிறப் பின்னணியில் மவுஸ் அம்புக்குறியை விரைவாக வீசி இழுங்கள். கால் வினாடி வீச்சில் 60 ஹெர்ட்ஸ் திரை 15 இடங்களில் மட்டுமே அம்புக்குறியைக் காட்டும். 120 ஹெர்ட்ஸ் திரை 30 இடங்களில் காட்டும். அம்புகளுக்கிடையே உள்ள வெற்றிடம் கண்ணுக்கே தெரியும். சோக்குடன் கூடிய பழைய டியூப்லைட்டின் கீழே ஒரு குச்சியை வீசினால் பல குச்சிகள் தெரிவதும் இதே விளைவு. அவ்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. நேரே பார்த்தால் மினுக்கல் தெரிவதில்லை. வீசிய குச்சி அதைக் காட்டிக் கொடுக்கிறது. 1/16 வினாடிக் கூற்றுக்கு இதைவிட மலிவான மறுப்பு இல்லை.

ஏற்கெனவே உயர்வீதத் திரை வைத்திருப்போர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கணினியின் காட்சி அமைப்பில் 60 என்றே விடப்பட்டிருந்தால் 144 ஹெர்ட்ஸ் திரையும் 60 ஹெர்ட்ஸ் திரையே.

மதிப்பீடு

ஆக, உயர்ந்த புதுப்பிப்பு வீதம் ஆட்டத்தைச் சீராக்குமா? கணினி அந்த வீதத்திற்கு ஏற்பப் படங்களைத் தந்தால், ஒழுங்கான இடைவெளியில் தந்தால், திரையின் புள்ளிகளும் அந்த வேகத்தில் மாறினால், நிச்சயமாகச் சீராக்கும். 60-லிருந்து 120 அல்லது 144 வரை அந்த மேம்பாடு தெளிவானது. அதற்கு மேல் பயன் உண்டு, ஆனால் தேய்ந்து வருவது. கை வேகத்தைப் பொறுத்தவரை, கண்ணில் பட்டதற்குக் கை அசைய நமக்கு 200 மில்லி வினாடி அளவு ஆகிறது. திரை மிச்சப்படுத்தும் சில மில்லி வினாடிகள் சம வல்லமையுள்ள இருவர் மோதும்போது பொருட்படுத்தத் தக்கவை. தேர்ச்சி இல்லாதவருக்கு அவை தேர்ச்சியைத் தரமாட்டா.

அந்த மாணவரிடம் அவருடைய கணினி அவர் ஆடும் விளையாட்டில் எத்தனை படங்கள் தருகிறது என்று பார்த்து வரச் சொன்னேன். 45-க்கும் 55-க்கும் இடையில் ஊசலாடுகிறது என்று மறுநாள் சொன்னார். அப்படியானால் 240 ஹெர்ட்ஸ் திரை இப்போதைக்கு வேண்டாம். விளையாட்டின் அமைப்பில் நிழல், பிரதிபலிப்பு போன்ற பாரமான அலங்காரங்களைக் குறைத்துப் பட வீதத்தை உயர்த்திப் பாருங்கள். அதன் பிறகும் திரை வாங்குவதானால் மாறும் வீத வசதியுள்ள 120 அல்லது 144 போதும் என்றேன். மிச்சப் பணம் கணினியின் நினைவகத்துக்கோ கிராபிக்ஸ் அட்டைக்கோ போகட்டும்.

விளம்பரதாரர்களை நாம் திருத்த முடியாது. பாடத்தைத் திருத்த முடியும். "பிம்பம் 1/16 வினாடி நிலைப்பதால் இயக்கம் தோன்றுகிறது" என்ற வாக்கியத்தின் இடத்தில், "வினாடிக்குச் சில படங்களிலேயே இயக்கம் தோன்றத் தொடங்கும், மினுக்கல் மறைய அதைவிட மிகுதியும், நகரும் பொருள் தெளிவாகத் தெரிய அதனினும் மிகுதியும் வேண்டும்" என்று எழுதினால் போதுமானது. அடுத்த வகுப்பில் நான் அவ்வாறே கரும்பலகையில் எழுதினேன். முந்தைய வாரம் எழுதிக் கொண்டதை அடித்துவிடச் சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். அடித்துவிட்டுப் புதியதை எழுதிக் கொண்டார்கள்.